விட்டுப்போன சொல்

ஃபுஸ்தாத் நகரில் ஹுமைத் குர்ஆனைத் தோல் ஏட்டில் பிரதி எடுப்பான். தம்பி ஸாயிப் அதை மூலத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன சொல்லை வரிக்கு மேலே எழுதுவான். தம்பி கொள்ளைநோயில் போய்ச் சேர்ந்த பிறகும் விட்டுப்போன சொற்கள் அவன் கையெழுத்திலேயே வந்து சேர்ந்தன, மை காயாமல். அப்புறம் ஹுமைத் வேண்டுமென்றே சொற்களை எழுதாமல் விட ஆரம்பித்தான்.

“அல்லாஹ்வோட வேதங்க! பயமா இல்லையா?” என்றாள் மனைவி துமாதிர்.

“வேற எதுக்குடி அவன் வருவான்?”

கடைசி ஏடும் முடிந்தது. இனி விடுவதற்குச் சொல் இல்லை. சரியாக இருந்த ஒரு சொல்லைச் சுரண்டக் கத்தியை எடுத்தான். கை நகரவில்லை. மணிக்கட்டில் ஈர மையாக நான்கு விரல்கள் பதிந்திருந்தன.

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. கைமுகம் கழுவி ஒளுச் செய்யத் துமாதிர் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“கையை நீட்டுங்க.”

அவன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.