போனுக்குச் சீட்டு இல்லை

"போனைக் குடும்மா. பத்தே நிமிசம். ஆபீசுக்குள்ள மட்டும்தான் வச்சிருப்பேன்."

லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி மூச்சு வாங்க நின்றாள் மாரிசெல்வி. கேட்டில் காவலுக்கு நின்ற பஞ்சம்மாள் பக்கத்திலிருந்த மரப்பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் வேலைக்கு வந்தவர்கள் ஒப்படைத்த போன்கள் அதற்குள் டோக்கனோடு கிடந்தன.

"வெளிய போறதா இருந்தா எடுத்துட்டுப் போங்க, இன்ஜினியரம்மா. உள்ள போறதா இருந்தா போன் பெட்டியிலதான் இருக்கும்."

"லேப்டாப் மட்டும் உள்ள போகலாமாக்கும்?"

"அதுக்கு முதலாளி சீட்டு குடுத்திருக்காக. போனுக்குச் சீட்டு இல்ல."

ஏழாயிரம்பண்ணை அருகே அந்தப் பட்டாசுக் கம்பெனியில் மாரிசெல்வி சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. எந்த ஷெட்டில் எத்தனை பேர், எவ்வளவு வெடிமருந்து என்று கணக்கிட்டுச் சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தாள். அதை நம்பலாமா என்று பார்க்க, கடினமான கணக்குகளாகக் கொடுத்துச் சோதிக்கும் சாப்ட்வேரை லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். ஆபீஸ் இன்டர்நெட்டோ காலையிலேயே போய்விட்டது; இனி போன் நெட்தான் வழி. மூன்று மணிக்குள் சோதித்துக் காட்டாவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்று முதலாளி தங்கச்சாமி சொல்லிவிட்டார். இப்போது மணி இரண்டு.

"என் வேலையே போயிரும்மா!"

"உள்ள நூத்திப்பத்து பேரு மருந்துல கைய வச்சிருக்காக. வேலை போனா வேற வேலை."

"ஈவு இரக்கமே கிடையாதா?"

"அது அஞ்சு மணிக்கு மேல. இப்ப டூட்டி."

மாரிசெல்வி போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே போனாள். எதிரே ஒரு சீமைக்கருவேல மரம். நிழல் என்று பேர்தான். கல்லில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். சார்ஜ் முப்பத்தெட்டு சதவீதம்.

சற்று நேரத்தில் தலைக்கு மேல் கறுப்பாக ஏதோ விரிந்தது. பஞ்சம்மாள் கேட்டைப் பூட்டிவிட்டு, அதன்மேல் ஒரு கண் வைத்தபடி குடை பிடித்து நின்றாள்.

"லேப்டாப்பு சூடாகுதுல்ல, அதுக்குத்தான்" என்றாள் விறைப்பாக. "என்ன, ஒத்தை வரியை அடிச்சிட்டுச் சும்மா உக்காந்தாச்சு?"

"பேக்கேஜ் மேனேஜர்னு லேப்டாப்புல ஒரு புரோகிராம் இருக்கு, அதுகிட்ட பேரைச் சொல்லியாச்சு. அதுவே தேடிக் கொண்டாந்து மாட்டிரும்."

"பெறகென்ன?"

"அது தனியா வராதாம். கூட இன்னும் இருபத்தேழு வேணுங்குது."

"கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா வண்டி பிடிச்சுத் தெருவோட வாராகள்ல, அந்தக் கதையா?"

மாரிசெல்விக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அடங்கியது.

"அய்யோ, நின்னுபோச்சு!"

"என்னவாம்?"

"ஏற்கெனவே இதுல இருக்கிற பழசோட, இப்ப வந்ததுக்கு ஒத்துவரலையாம்."

"ஆகாத சம்பந்திகளை யாரு ஒரே பந்தியில உக்கார வைப்பா?"

"தெரியும், தெரியும். தனியா ஒரு இடம் போட்டு அங்கன ஏத்துறேன்."

மறுபடி முதலிலிருந்து. சார்ஜ் பதினைந்து. பத்து. குடை பிடித்த கை வலித்து மாறிக்கொண்டே இருந்தது. குடை மட்டும் நகரவில்லை.

"ஏறிருச்சு!" என்று கத்தினாள் மாரிசெல்வி. திரையில் விடைகள் மளமளவென்று ஓடின. "முந்நூறு கணக்கு குடுத்தேன். முந்நூறும் சரி!"

மணி இரண்டு ஐம்பது. பஞ்சம்மாள் கேட்டைத் திறந்ததும் லேப்டாப்போடு உள்ளே பாய்ந்தாள்.

"போன்!" என்று மறித்தாள் பஞ்சம்மாள். "பெட்டியில போட்டு டோக்கன் வாங்கிட்டு ஓடுங்க."

ஆபீசில் முடிவுகளைப் பார்த்த தங்கச்சாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாருக்கு தாயி. நாளைக்கும் வா, நாளான்னைக்கும் வா. ஆமா, ஏன் மொகம் இப்படிச் செவந்துகெடக்கு?"

"போனை உள்ள விடல சார். வெளிய வெயில்ல உக்காந்து முடிச்சேன்."

"பஞ்சம்மாவா? அது யாருக்கும் மசியாது. நேத்து என்னையவே போனோட திருப்பி அனுப்பிருச்சு. புகார் ஏதும் இருந்தா சொல்லு, நான் கண்டிக்கேன்."

"புகார் இருக்கு சார். ஆனா உங்ககிட்டச் சொல்லிப் பிரயோசனம் இல்ல. சாயங்காலம் வீட்டுக்குப் போயி, 'உங்க பொண்டாட்டியைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க'ன்னு எங்க அப்பாகிட்டதான் சொல்லணும்!"