தண்ணீர்த் தொட்டிமேல் பூனை

"உங்க தங்கச்சி எனக்குக் குழி தோண்டுறா!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து கத்தினாள் ஓவியக்காரி. தெருவில் அவளுக்கு அதுதான் பெயர்.

சோபாவில் இருந்த கணவன், பத்திரிகையை மெல்ல உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டான். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதனுக்கு வேறு கேடயம் ஏது?

"தையல் கடையில உட்கார்ந்துகிட்டு, அளவு குடுக்க வர்றவங்ககிட்ட எல்லாம் ஓதுறா. 'எங்க அண்ணி தண்ணித் தொட்டி மேல பூனை வரையப் போறாங்களாம். விடக்கூடாது. வெள்ளிக்கிழமை யுனிவர்சிட்டி ஹாலுக்கு வந்து நாலு கேள்வி கேளுங்க'ன்னு!"

"நீ பூனைதானே வரையப் போறே?"

"அதுவா இப்போ விஷயம்?"

விஷயம் இதுதான். பொது இடங்களில் ஓவியம் வரையப் பல்கலைக்கழகத்தின் கலைத்துறை நிதி தருகிறது. ஆண்டுக்கு ஒரே ஒருவருக்கு. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியே கை தேய்ந்துபோன ஓவியக்காரிக்கு, ஊரே அண்ணாந்து பார்க்கிற மாதிரி சொந்தமாக ஒன்று வரைந்துவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கும் ஒரு குண்டுப் பூனை!

போன வருடமே விண்ணப்பித்தாள். தெருக்காரர்கள் கூட்டத்துக்கு வந்து கருத்துச் சொன்னால்தான் நிதி என்பது விதி. அன்றைக்குப் பார்த்து மழை. காலி நாற்காலிகளுக்குத் தன் பூனையை விளக்கிவிட்டு நனைந்துகொண்டே வீடு திரும்பினாள். இரண்டாவது முறையும் தவறினால் அப்புறம் விண்ணப்பிக்கவே முடியாது.

"போன மாசம் அவ தைச்ச சட்டையில ஒரு கை நீளம்னு சொன்னேன்ல, அந்தக் கோபம்! பழி தீர்க்கிறா."

"அப்படியெல்லாம் இருக்காதும்மா" என்றது பத்திரிகை.

வெள்ளிக்கிழமை ஹாலுக்குள் நுழைந்த ஓவியக்காரி அப்படியே நின்றுவிட்டாள். தெருவே திரண்டு வந்திருந்தது. உட்கார இடமில்லாமல் ஜன்னல் கட்டையில்கூட ஆட்கள். அத்தனை பேரும் எதிர்க்கவா? என் பூனை செத்தது என்று நினைத்துக்கொண்டாள்.

மேடையில் பூனையின் மாதிரிப் படம் மாட்டியிருந்தது. மைக்கை முதலில் பிடித்தவள் நாத்தனார்தான்.

"அந்தப் பூனை நேரா எங்க சமையலறையையே பார்க்குது. நான் நிம்மதியா பால் காய்ச்ச வேண்டாமா?"

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. பேக்கரிக்காரர் எழுந்தார்.

"தூங்குற பூனைம்மா அது. கண்ணே திறக்கலையே!"

"தூங்குற மாதிரி நடிக்குது! பூனையைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"பாவம், வாயில்லா ஜீவன் மேல அபாண்டமா பேசாதீங்க!" என்று ஒரு பெரியவர் பூனைக்காகக் கொதித்தார்.

"நாய் வரைஞ்சா என்ன?" என்றது பின்வரிசை. அவ்வளவுதான், நாய்க் கட்சிக்கும் பூனைக் கட்சிக்கும் வாய்ச்சண்டை. ஒருவழியாகப் பூனைக் கட்சி வென்றதும் அடுத்தது ஆரம்பித்தது.

"வால் எங்க வீட்டுப் பக்கம்தான் தொங்கணும்!"

"அதெப்படி? மூஞ்சியும் உங்க பக்கம், வாலும் உங்க பக்கமா? நாங்க மட்டும் வெறும் முதுகைப் பார்க்கணுமா?"

சத்தம் கொஞ்சம் அடங்கினால் போதும், நாத்தனார் மறுபடி எழுந்துவிடுவாள். காது பெரிசு என்றாள். மீசை கோணல் என்றாள். தொப்பையைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றாள். அவள் ஒன்று சொன்னால் பத்துப் பேர் பூனைக்காக வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். கலைத்துறைப் பேராசிரியை சிரித்துச் சிரித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பூனை வேணும்கிறவங்க கையைத் தூக்குங்க."

ஹாலில் தூக்காத கை ஒன்றுகூட இல்லை. வால் சண்டைக்காரர்கள் இரண்டு கைகளையும் தூக்கினார்கள். நாத்தனாரின் கையும் மேலே போனதை, ஆனந்தத்தில் கண் கலங்கி நின்ற ஓவியக்காரி கவனிக்கவில்லை.

"இவ்வளவு பேர் இவ்வளவு ஆசையா ஒரு ஓவியத்தைப் பத்திப் பேசி நான் பார்த்ததே இல்ல" என்றார் பேராசிரியை. "இந்த வருஷ நிதி பூனைக்குத்தான்!"

ஓவியக்காரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அறிந்தவர் அறியாதவர் எல்லோரையும் கட்டிக்கொண்டாள். பேக்கரிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினாள். வாசலில் நாத்தனாரைப் பார்த்ததும்தான் உள்ளே இருந்த கோபம் பொங்கிவிட்டது.

"பார்த்தியா? கெடுக்கணும்னு நினைச்சியே, என்ன ஆச்சு? என் ஓவியத்துக்காக ஊரே வந்து நின்னுது!"

கத்திக் கத்திக் குரல் கட்டிப்போயிருந்த நாத்தனார், தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"போன வருஷமும் வீடு வீடா ஏறி இறங்கினேன் அண்ணி, 'எங்க அண்ணிக்கு ஆதரவா வாங்க'ன்னு. வர்றோம் வர்றோம்னு சொல்லிட்டு ஒரு ஈ காக்கா வரல. அதான் இந்தத் தடவை, சண்டை போட வாங்கன்னு கூப்பிட்டேன்."