மணப்பாடு நிறுத்தத்தின் நிழல்

அம்மா இறந்தபின் அப்பா ஞானமுத்து வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டார். முற்றத்தில் பந்தல் போட்டால் வெளியே வந்து உட்காருவார் என்று மகள் பெனிட்டா அவரைப் பந்தல் கடைக்கு அழைத்துப் போனாள். அங்கே எந்தக் காலத்து நிழலையும் பந்தலில் விழச் செய்து தந்தார்கள். அவள் வேப்பமர நிழலைக் காட்டினாள். அவரோ, கடல் கொண்டுவிட்ட மணப்பாடு பஸ் நிறுத்தத்தின் நிழலைக் கேட்டார்.

“அது ஓட்டை விழுந்த தகரக் கூரைலாப்பா?”

“கல்யாணத்துக்கு முன்னாடி நானும் உங்கம்மையும் தெனமும் அங்கதாம்மா நின்னோம்.”

பந்தல் வந்தது. ஒரு மூலையில் மட்டும் நிழல் விழுந்தது. மற்ற இடமெல்லாம் சுள்ளென்று வெயில். ஞானமுத்து வெயிலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்பா, நெழலுக்கு வாங்க.”

“அதுல ஒருத்தர்தான் நிக்க முடியும். உங்கம்ம நிக்கட்டும்,” என்றார்.