மேட்டில் இறங்கியவன்

"டயரு, பல்சக்கரம், பிரேக்கு, எதை மாத்தணுமோ மாத்து. பங்களா மேட்டுல எறங்குறதுக்கு இனிமே அவனுக்கு ஒரு சாக்கும் இருக்கக் கூடாது."

சூசைரட்ணம் சைக்கிளைக் கடைச் சுவரில் சாய்க்கவில்லை, மோதி நிறுத்தினார். சைக்கிள் கடை மாயாண்டி கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். தோட்டத்திலிருந்து கினிகத்தேனைக்கு நாலு மைல். அவ்வளவு தூரமும் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார் என்பது அவருடைய வெள்ளை வேட்டியின் ஓரத்துச் சேற்றில் தெரிந்தது.

மாயாண்டி டயரை அழுத்திப் பார்த்தான்.

"ஒங்க மகன், சின்ன மாஸ்டர் வண்டிங்களா? டயர்ல பல்லு நல்லாத்தானே இருக்குங்க ஐயா. இன்னும் ஒரு வருஷம் ஓடும்."

"நான் ஒன்கிட்ட ஜோசியம் கேக்கல."

மாயாண்டி அதற்குமேல் வாதாடவில்லை. தடித்த டயர் இப்போதுதான் கொழும்பிலிருந்து வருகிறது, பல் ஆழம், மழையிலும் சரளைக் கல்லைக் கவ்விப் பிடிக்கும் என்றான். ஆனால் அது மட்கார்டில் உரசும், மட்கார்டைத் தூக்கிக் கட்ட வேண்டும். தடித்த டயர் மிதிக்கப் பாரம். அதனால் பின் சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் போட்டு, செயினில் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டும். மேடு லேசாக ஏறும், சமதரையில் வேகம் குறையும்.

"வேகம் யாருக்கு வேணும்? ஏறணும். நெஞ்ச நிமித்தி ஏறணும்."

பிரேக் கட்டைகளைத் தானே தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்த்து, மிருதுவாக இருந்ததை எல்லாம் திருப்பி எறிந்தார்.

"மேட்டுல எறங்குனாத்தான் என்னாங்க ஐயா? எல்லாருந்தானே எறங்குறாங்க" என்று மாயாண்டி கேட்டதுதான் தப்பாகிவிட்டது.

மேட்டின் உச்சியில் ஒரு வளைவு. வளைந்ததும் துரை பங்களா கேட். அங்கே சைக்கிளில் வருகிறவன் வளைவுக்கு முன்னாலேயே இறங்கி, தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது வெள்ளைக்காரத் துரை காலத்துச் சட்டம். சூசைரட்ணத்தின் தகப்பன் ஒருநாள் இறங்க மறந்தார். துரை அவரைப் பிடித்துத் தள்ளி, வண்டியைத் தேயிலைக்குள் வீசச் சொன்னார். இப்போது அரசாங்கம் தோட்டத்தை எடுத்து மூன்று வருஷமாகிறது. துரையும் நம் நாட்டுக்காரர். சட்டம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனாலும் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்கள் பழக்கத்தில் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"எங்கப்பன் விழுந்த எடம் அது. அங்க எறங்கக் கூடாதுன்னுதான் முப்பத்திரெண்டு வருஷம் நான் சைக்கிள்ல ஏறவே இல்ல. நடந்தேன். என் மகன் வாத்தியார். அவன் எறங்குறான். மூணு வெள்ளிக்கெழம, மாதா கோயில்ல இருந்து வாரப்ப, இந்தக் கண்ணால பாத்தேன்."

மகனிடம் அவர் கேட்கவில்லை. இருபத்தாறு வயதிலும் அப்பா எதிரே உட்காராத, நிமிர்ந்து பதில் பேசாத பிள்ளை அவன். மனைவி பவுலினைத்தான் கேட்டார். அவர் சத்தத்துக்குப் பயந்து அவளும், மகனைக் கேட்காமலே, டயர் தேய்ந்திருக்கும், வழுக்கும் என்று சொல்லிவைத்தாள். அந்தப் பொய்யையும் இப்போது மாயாண்டி உடைத்துவிட்டான்.

"போடு" என்றார். "எல்லாத்தையும் புதுசாப் போடு. அதுக்குப் பொறவு என்னா சொல்றான்னு பாப்போம்."

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, கோயில் முடிந்து வந்தவர் அந்த வளைவில் குடையை ஊன்றி நின்றார். பங்களா வாச்சர் அழகன் கேட்டருகே இருந்து கும்பிட்டான். அவர் தலையைக்கூட அசைக்கவில்லை.

கீழே மகன் கஸ்பர் தெரிந்தான். பள்ளிக்கூடப் புத்தகக் கட்டு பின்னால் ஆடியது. சீட்டிலிருந்து எழும்பாமல், மூச்சு வாங்காமல், மேட்டை மிதித்து வந்தான். புது டயர் சரளையைக் கவ்வியது. பாதி மேடு. முக்கால் மேடு. சூசைரட்ணம் தன்னை அறியாமல் ஒரு அடி முன்னால் வந்தார்.

வளைவுக்குப் பத்து அடி இருக்கும்போது கஸ்பர் பிரேக்கைப் பிடித்து, இறங்கி, தலையைக் குனிந்து வண்டியைத் தள்ளினான்.

"நில்லுடா."

அவன் நின்றான்.

"டயரு புதுசு. சக்கரம் புதுசு. ஒன் முதுகெலும்ப மட்டும் எந்தக் கடையில கொண்டுபோய் மாத்துறது?"

கஸ்பர் நிலத்தைப் பார்த்தான்.

"சம்பளம் குடுக்கிறது அரசாங்கம். இந்தப் பங்களாவுல நீ கைகட்டி நிக்க வேண்டியதே இல்ல. அப்புறம் யாருக்குடா எறங்குற? ஒங்க தாத்தன கீழ தள்ளுன எடத்துல, நம்ம குடும்பத்துல ஒருத்தன் தானா எறங்குறானே, வெக்கமா இல்ல?"

குடையை அவர் ஓங்கிய விதத்தைப் பார்த்து அழகன் ஓடிவந்து நடுவில் நின்றான்.

"சின்ன மாஸ்டர ஏசாதீங்க ஐயா. மத்த நாள்ல தொரை கேட்டுலயே நின்னாலும் மணிய அடிச்சிட்டு ஏறித்தான் போவாரு. போன செவ்வாக்கெழம தொரையே என்னைக் கூப்புட்டு, யாரு அவன், எறங்காமப் போறான்னு கேட்டாரு."

"அப்ப இன்னைக்கு யாருக்கு எறங்குனான்?"

அழகன் தயங்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "வெள்ளிக்கெழமையில மட்டுந்தாங்க எறங்குவாரு. நீங்க இந்த வளைவுல வாறீங்கல்ல."

சூசைரட்ணம் மகனைப் பார்த்தார்; அப்பா முதலில் நடக்கட்டும் என்று கஸ்பர் ஹேண்டிலைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தான்.