மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை

மாப்பிள்ளை நேற்றிலிருந்து எதையும் வாயில் வைக்கவில்லை. மூலையில் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன கோவமோ தெரியல மேடம். மச்சான் ஆசையா பக்கத்துல போனாக்கூட ஒரே கடி!" என்றார் கூண்டுக்காரர். முயல்கள் ஆய்வகத்துக்கு வந்த அன்றே இரண்டையும் தூக்கிப் பார்த்துப் பெயர் வைத்தவர் அவர்தான்.

ஆய்வாளர் கம்பி வழியாக ஒரு கேரட் துண்டை நீட்டினாள். மாப்பிள்ளை மோந்துகூடப் பார்க்கவில்லை.

அவளுடைய இரண்டு வருஷ உழைப்பு அந்த முயலின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எலுமிச்சை மரங்களைச் சத்தமில்லாமல் கொல்லும் வைரஸின் புரதத்தை அதற்கு ஊசியாகப் போட்டிருந்தாள். அதை எதிர்த்து முயலின் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருளைச் சோதனை அட்டையில் தடவினால், நோயுள்ள இலையின் சாறு பட்டதும் சிவப்பாக ஒரு கோடு விழ வேண்டும்.

போன வாரம் சில சொட்டு ரத்தத்திலேயே கோடு விழுந்துவிட்டது. அவள் அட்டைக்கு முத்தம் கொடுத்ததை ஆய்வகமே பார்த்தது.

நாளை தேவையான அளவு ரத்தம் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை நிதிக்குழு வருகிறது. காட்டுவதற்கு அட்டைகள் இல்லையென்றால் திட்டத்துக்கு மூடுவிழாதான்.

"நெஞ்சு முடியெல்லாம் தானே பிடுங்கிப் போட்டுக்கறாரு மேடம். வைக்கோலை வேற இழுத்து இழுத்துக் குவிக்கறாரு. தலைக்கு ஏறிடுச்சோ?"

"எது?"

"உங்க வைரஸ்தான்."

"மரத்துக்கு வர்ற வைரஸ் முயலை ஒண்ணும் செய்யாதுங்க!" என்று அதட்டினாள். என்றாலும் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டாள்.

மருத்துவர் வந்தார். கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"ரெண்டும் எவ்ளோ நாளா ஒரே கூண்டுல இருக்கு?"

"வந்ததுல இருந்தே, டாக்டர். மச்சானையும் மாப்பிள்ளையையும் பிரிக்க மனசு வருமா?" என்றார் கூண்டுக்காரர் பெருமையாக.

மருத்துவர் வைக்கோல் குவியலுக்குள் மெல்லக் கையை விட்டார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. கையை எடுத்துவிட்டு மச்சானை ஒரு பார்வை பார்த்தார்.

"பிழைச்சுடுமா டாக்டர்?" என்றாள் அவள்.

"அதெல்லாம் ஜம்முன்னு இருக்கு. ஆனா ஒரு மாசத்துக்கு யாரும் ஊசியும் கையுமா கிட்ட வரக் கூடாது."

"ஒரு மாசமா! திங்கட்கிழமை நிதிக்குழுகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"மாப்பிள்ளை பிரசவ லீவுல இருக்காருன்னு சொல்லுங்க."