ஒண்ணாம் நம்பர் சட்டை

“உன் மவன் சட்டையைப் பாரு, கல்யாண மாப்பிள்ளை கழட்டிப் போட்ட மாதிரி இருக்கு!”

சலவைக்கடைப் பின்கட்டில் இஸ்திரிக்காரி மஞ்சள் சட்டையை உதறிக் காட்டினாள். முதுகில் ஒண்ணாம் நம்பர். கோல்கீப்பர் சட்டை. மற்ற பத்தும் வியர்வையும் புல்கறையுமாகக் கிடக்க, இதன் முழங்கையில் ஒரு பொட்டு மண் இல்லை.

துவைகல்லில் குனிந்திருந்த அம்மா தலை நிமிரவில்லை. கல்லூரி அணி வரிசையாக எட்டு ஆட்டம் தோற்றிருந்தது. மெஷினில் போட்டால் நம்பர் உரிந்துவிடும் என்பதால், அந்தச் சட்டைகளைக் கையால் துவைப்பது அவள் வேலை. எவன் ஓடினான், எவன் சும்மா நின்றான் என்று மைதானம் போகாமலே சொல்லிவிடுவாள்.

“முத ஆட்டத்து மூட்டையில இதே சட்டை சேத்துக் குழம்பால்ல வந்துச்சு! யாரோடதுன்னு தெரியாம அன்னைக்கு என்னா திட்டு திட்டினே!”

“அதை விடுடி.”

“இப்ப பந்து வந்தா ஒதுங்கி வழி விடுறானாம். ‘தொறந்த கதவு’ன்னு பேரே வெச்சுட்டானுங்க.”

அவளுக்குக் காது கூசியது. மூட்டை சுமந்தே செத்த புருஷன் பெற்ற பிள்ளை, மண்ணில் விழப் பயப்படுகிறானே!

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். மகன் வாசற்படியில் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“நாளைக்குக் கடைசி ஆட்டமாமே. அதுலயும் தோத்தா?”

“டீம்லேர்ந்து தூக்கிடுவேன்னு கோச் சொல்லிட்டாரு.”

“பந்து ஆடினதாலதான்டா உனக்குக் காலேஜ் சீட்டே கெடைச்சுது!”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா மரமாட்டம் நிக்கிற? விழுந்து புடிச்சா தொரைக்குச் சட்டை கசங்கிடுமோ? உன்னைப் பெத்தேன்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்குடா!”

கயிற்றில் இருந்த அவன் விரல்கள் நின்றன.

“நீ ஒரு ஆட்டமும் பாக்கலையே. நான் விழலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? கடையில துணி மடிக்கிற வேலைன்னுதானே சொன்னே?”

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அவன் எழுந்து வந்து, அந்தக் கைகளை இழுத்துப் பிரித்துப் பார்த்தான். விரலிடுக்கு வெடிப்புகள் இப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தன.

“மொத ஆட்டம் முடிஞ்சு டீம் சட்டையெல்லாம் மூட்டை கட்டி உன் கடையில போட்டதே நான்தான். மறுநாள் கையில ரத்தம் கசியக் கசிய நீ வந்தே. ‘எந்த எருமையோ சேத்துல பொரண்டு என் கையைத் தின்னுடுச்சு, வெளங்குமா அது’ன்னு நான் தூங்கிட்டேன்னு நெனச்சு சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து தனியா அழுதியே...”

அவன் அவள் கையை விடவில்லை.

“அந்த எருமை நான்தாம்மா.”