கேஸ் இல்லாத மருமகள்

புதுச் சட்டப்படி, மூன்றாவது குற்றம் எவ்வளவு சின்னதானாலும் ஆயுள் தண்டனைதான். நீதிபதியே நினைத்தாலும் குறைக்க முடியாது. அப்படியும் இந்த வீட்டு ஆம்பிளைகளுக்குப் புத்தி வரவில்லை. ஆளுக்கு இரண்டு கேஸ்.

"வரதட்சணையே வேண்டாம், பொண்ணு மேல ஒரு கேஸும் இல்லையே, அது போதும்" என்று மாமியார் சொன்னபோது அம்மா பூரித்துப்போனாள்.

கல்யாணமான மாதமே கணவர் குடித்துவிட்டுக் காரை ஒருவர்மேல் மோதினார். ஓட்டியது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். இன்று கொழுந்தன் முகிலன் பக்கத்து வீட்டுக்காரர் மண்டையை உடைத்தான். அதற்கும் நானே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, செருப்பை உதறினேன்.

மாமியார் காபி நீட்டினார்.

"இனிமே நீ ஜாக்கிரதையா இருக்கணும்மா."

"நானா?"

"முகிலனுக்கும் ஒரு கல்யாணம் பண்ணிடலாம். உன் தங்கச்சி பேர்ல கேஸ் ஒண்ணும் இல்லையே?"